சகலை வீட்டு மாத்திரை

என் மகனுக்கும் என் சகலையின் மகளுக்கும் ஒரே நோய், வலிப்பு. அக்காளும் தங்கையும் பெற்ற பிள்ளைகள். அந்த அக்காள் தங்கையின் தாய்மாமா ஒருவருக்கும் இருந்ததாம். எங்கள் கல்யாணப் பேச்சுகளின்போது அதை எடுத்துச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

நாங்கள் புனேயில் ஔந்தில் இருக்கிறோம். எனக்கு வங்கி வேலை. என் மனைவியின் தங்கை வீடு லோஹேகாவில், விமானப்படைக் குடியிருப்பில். சகலை அங்கே விமானங்களைப் பழுது பார்க்கும் பிரிவில் இருக்கிறார். இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் சாப்பிடுவது ஒரே மருந்து. நோய் ஒன்று, மருந்து ஒன்று, பெண்டாட்டிமார் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள். அப்படியிருக்க அந்த மனிதருக்கு மட்டும் எப்படித் தூக்கம் வருகிறது என்று நான் பல வருஷமாக யோசித்து வருகிறேன்.

அவர் உட்கார்ந்த இடத்தில் தூங்குவார். பெண் சைக்கிளை எடுத்துக்கொண்டு குடியிருப்பு முழுவதும் சுற்றுவாள், மரத்தில் ஏறுவாள், அங்கே இருக்கும் நீச்சல் குளத்தில் நீந்துவாள். அவளுக்கு வலிப்பு வந்து வெகுகாலம் ஆகிவிட்டதால் அவளுடைய டாக்டர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டார். என் மகன் மாடிப்படியில் இரண்டு படி சேர்த்துத் தாவினால்கூட என் கை தானாக நீளும். மேல் வீட்டில் ஏதாவது கீழே விழுந்தால் நான் எழுந்து அவன் அறைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். இப்போதும் அப்படித்தான். இதை எழுதுவதற்குள் ஒருமுறை போய்வந்தாயிற்று.

என் வழக்கம் ஒன்று சகலைக்குப் பெரிய வேடிக்கை. மாத்திரை அட்டையை எங்கே பார்த்தாலும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் படிப்பேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டில் காலைப் பலகாரம். பெண் இட்லியைத் தின்றுவிட்டுக் காலை மாத்திரையைப் பிய்த்தாள். அட்டையை வாங்கி ஜன்னல் பக்கம் திருப்பினேன்.

"என்னண்ணே, கள்ள நோட்டா?" என்றார் சகலை.

"போன மாசம் வேற கம்பெனி போட்டிருந்துச்சு."

"அதுக்கு முந்தின மாசம் வேற. ஆஸ்பத்திரியில என்ன வருதோ அதக் குடுப்பாங்க. உள்ள இருக்கிற சரக்கு ஒண்ணுதானே? எங்க ஹேங்கர்ல போல்ட்டு வருது. அளவு சரியா இருக்கணும், சோதனை பண்ணி முத்திரை குத்தியிருக்கணும். எவன் செஞ்சா என்ன? ப்ளேன் பறக்குதா இல்லையா?"

அதற்கென்றே காத்திருந்ததுபோல் ஒரு போர் விமானம் தலைக்கு மேல் போயிற்று. டம்ளரெல்லாம் அதிர்ந்தன. பேச்சை நிறுத்தி, சத்தம் போகும்வரை காத்திருந்து, விட்ட இடத்தில் தொடங்குவது அந்த வீட்டுப் பழக்கம்.

"நான் கலர்கூடப் பாக்க மாட்டேன் பெரியப்பா," என்றாள் பெண். "அன்னைக்கு வெள்ளை, இன்னைக்கு பிங்க். வெள்ளைதான் கொஞ்சம் கசக்கும்."

என் மகன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் அவனுக்கு ஆரம்பத்தில் டாக்டர் எழுதிய கம்பெனியைத் தவிர வேறு எதையும் வாங்கியதில்லை. அப்படி ஒரு காவல் காத்தும் அவனுக்கு நடுநடுவே வந்துகொண்டிருந்தது. எதையும் பார்க்காமல் விழுங்குகிற அந்தப் பெண்ணுக்கு வரவில்லை. இதை நான் யாரிடம் போய்க் கேட்பது?

ஒரேயொரு விஷயத்தில் எனக்கு ஆறுதல் இருந்தது. அவளுக்குக் காலையில் ஒன்று, இரவில் ஒன்று. என் மகனுக்கு இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றே ஒன்று. ஆக, இவன் நோய் சிறியது, அவள் நோய் பெரியது. இந்தக் கணக்கை நான் யாரிடமும் சொன்னதில்லை. லோஹேகாவிலிருந்து திரும்பும் வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிக்கொள்வேன்.

போன வருஷம் மழைக்கு முன் எங்கள் டாக்டர், அமைதியாகப் பேசும் மராட்டிய அம்மாள், மகனிடம் நேராகவே சொன்னார். "இந்த மழைக்காலம் முடியற வரைக்கும் ஒண்ணும் வராம இருந்தா, நீ நீச்சல் கத்துக்கலாம்."

வெளியே வந்ததும் அவன் நீச்சல் கண்ணாடி கேட்டான். இன்னும் மழையே பெய்யவில்லையே என்றேன். "வாங்கி வச்சுக்கலாம் அப்பா," என்றான். வாங்கினோம். குளியலறைக் கண்ணாடி முன்னால் அதை மாட்டிக்கொண்டு கன்னத்தை உப்பவைத்து மூச்சுப் பிடித்துப் பழகினான். கதவுக்கு வெளியே நான் நின்றிருப்பேன். உள்ளே தாழ்ப்பாள் போடக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

மழை பாதி கடந்திருந்தது. ஒன்றும் வரவில்லை. அப்போதுதான் மருந்து கிடைக்காமல் போயிற்று.

நான் வழக்கமாக வாங்கும் மெடிக்கல் எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். கடைக்காரர் இளவயது, என்னைக் காகா என்பார், சித்தப்பா என்பதுபோல. அன்று கையை விரித்தார்.

"ஸ்டாக் வரவேயில்ல காகா. கம்பெனியிலயே தட்டுப்பாடு. இத எடுத்துக்கோங்க. கன்டென்ட் சேம், பவர் சேம், இதே மாதிரிதான். டாக்டர்கிட்ட போன்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு எடுத்துட்டுப் போங்க." இந்தியில் சொல்லிக்கொண்டே வேறொரு அட்டையை மேஜைமேல் வைத்தார். நான் அதைத் தொடக்கூட இல்லை.

"எனக்கு அதே கம்பெனி வேணும்."

"கம்பெனி நம்ம சம்பந்தியா காகா?"

பக்கத்தில் நின்ற பெண்மணி சிரித்தார். நான் ஸ்கூட்டரை எடுத்தேன். ஔந்தில் இருக்கிற மெடிக்கல் எல்லாம் ஏறி இறங்கினேன். அலுவலக நண்பர் ஒருவர் அவர் பேட்டையில் கிடைக்கும் என்றார் என்று மழையில் நிக்டிவரை போனேன். அங்கேயும் இதே பதில், வேறு கம்பெனி அட்டை. நனைந்துபோய் வீட்டுக்குத் திரும்பியபோது அட்டையில் அன்றிரவுக்கான மாத்திரை மட்டும்தான் மிச்சம்.

மறுநாள் என் மனைவி தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். இவள் இட்லி மாவு அரைத்தால் ஒரு டப்பா லோஹேகாவுக்குப் போகும். டப்பா திரும்பும்போது வெறுமனே வராது. கொஞ்சம் புளிக்காய்ச்சலோ, முருங்கைக்காயோ, குடியிருப்புக் கேன்டீன் பிஸ்கட்டோ உள்ளே இருக்கும். வெறும் டப்பாவைத் திருப்பித் தந்தால் சண்டை என்று அர்த்தம். அன்று டப்பாவைத் திறந்தால் உள்ளே கறிவேப்பிலை, அதன்மேல் பிளாஸ்டிக் பையில் சுற்றிய மாத்திரை அட்டைகள்.

"ஊரெல்லாம் தேடி அலையுறீங்கன்னு சொன்னேன்," என்றாள் மனைவி. "அவகிட்ட கூடுதலா இருக்காம். நமக்குக் கிடைச்சதும் திருப்பிக் குடுத்துக்கலாம். அத்தான்கிட்ட சொல்லு, நாங்க சாப்பிடுறதுதான்னு சொல்லிவிட்டா."

அட்டையை வாங்கி விளக்கடியில் பிடித்தேன். மருந்தின் பெயர் அதே. மில்லிகிராம் அதே. காலாவதியாக இன்னும் வெகுநாள் இருந்தது. கம்பெனி வேறு.

"கம்பெனி வேற."

"உங்க பிரஷர் மாத்திரை எந்தக் கம்பெனின்னு சொல்லுங்க பாப்போம்?"

சொன்னேன்.

"அது எப்பவோ மாத்தியாச்சு. டாக்டர்கிட்ட கேட்டுட்டு ஜெனரிக் கடையிலதான் வாங்குறேன். மாத்திரையப் பிரிச்சு அந்தச் சின்ன டப்பாவுல போட்டு வைக்கிறதால உங்களுக்குத் தெரியல. பிரஷர் ஏறுச்சா?"

ஏறவில்லை. போன பரிசோதனையில் டாக்டர் முதுகில் தட்டிக்கூட அனுப்பியிருந்தார். அதற்கு மேல் என்ன பேசுவது என்று நான் அடங்கியதாக என் மனைவி நினைத்தாள். உண்மை அதுவாக இல்லை. கடைக்காரர் நீட்டியதைத் தொடாத நான், இந்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கீழே வைக்க மனமில்லாமல் இருந்தேன். அந்தப் பெண்ணை ஓடவிடுகிற, நீந்தவிடுகிற, அவள் தகப்பனைத் தூங்கவிடுகிற மாத்திரை இது. இதைத் தின்றால் என் பிள்ளையும் அப்படி ஆகிவிடுவான் என்று, வங்கியில் நாள் முழுவதும் அடுத்தவர் கையெழுத்தைச் சந்தேகப்படுகிற நான், நம்பினேன்.

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மகன் அதை விழுங்கினான். "சின்னதா இருக்கு," என்றான். அதற்கு அடுத்த இரவும் விழுங்கினான். அதற்கு அடுத்த இரவும்.

சனிக்கிழமை பிற்பகல் மழை விட்டிருந்தது. பிள்ளைகள் எங்கள் கட்டடத்துக் கீழே வண்டிகள் நிற்கும் இடத்தில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். மேலே எங்கள் வீட்டுக்குப் பந்தின் சத்தம் கேட்டுக்கொண்டேயிருக்கும். அது நின்றது. பந்து தொலைந்தாலும் நிற்கும்தான். ஆனால் பந்து தொலைந்தால் கூச்சல் கேட்கும். ஒன்றும் கேட்கவில்லை. நான் செருப்பில்லாமல் இறங்கினேன்.

அவன் இரண்டு கார்களுக்கு நடுவே கிடந்தான். காவலாளி பதறிப்போய் அவன் கையில் சாவிக்கொத்தை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். அதை எடுத்துவிட்டு, என் சட்டையை மடித்துத் தலைக்கு அண்டக்கொடுத்து, பிடிக்காமல் இறுக்காமல் காத்திருந்து, துடிப்பு அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்கவைத்தேன். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்திருப்பதால் ஒரு பயனுமில்லை. அந்த நேரம் முழுவதும் என் கண் அவனுடைய மட்டையின் மேலேயே இருந்தது. அதன் பிடியில் சுற்றியிருந்த ரப்பர் உரிந்து தொங்கியது. இன்றைக்கும் கண்ணை மூடினால் அவன் முகம் வருவதில்லை, அந்த ரப்பர்தான் வருகிறது.

ஆஸ்பத்திரியில் அவன் தூங்கியபின் டாக்டர் கேட்டார், "மாத்திரை விட்டுப்போச்சா?"

"இல்லை டாக்டர். கம்பெனி மாறிப்போச்சு." பையிலிருந்து பழைய அட்டையின் வெற்றுக் கூட்டையும் சகலை வீட்டு அட்டையையும் எடுத்துக் கொடுத்தேன். "அதனாலதானே?" என் குரலில் ஒரு ஆசை இருந்தது. ஆமாம் என்று சொல்லிவிடுங்கள், எனக்கு அது போதும் என்பதுபோல.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பழையதில் மருந்தின் பெயருக்குப் பின்னால் இரண்டு எழுத்து ஒட்டியிருந்தது. அதைத் தன் பேனா முனையால் தொட்டுக் காட்டினார். மற்றதில் அந்த எழுத்துகள் இல்லை.

"கம்பெனி மாறினது இல்லை விஷயம். இது மெதுவாக் கரையற வகை. அது சாதாரண வகை. உங்க அபார்ட்மென்ட் சொசைட்டியில காலையில மாநகராட்சித் தண்ணி வருமே, வரும்போது வேகமா வந்துட்டு நின்னுடும். மாடியில தொட்டி இருக்கறதால நாள் பூரா குழாயில வருது. உங்க பையன் மாத்திரை தொட்டி மாதிரி. ஒண்ணு போட்டா மறுநாள் ராத்திரி வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமா விட்டுக்கிட்டே இருக்கும். சாதாரண வகை ஒரேயடியா வந்துட்டு, மறுநாள் மதியத்துக்குள்ள குறைஞ்சு போயிடும். அதனாலதான் அதைச் சாப்பிடறவங்க ரெண்டு வேளை சாப்பிடுவாங்க."

ரெண்டு வேளை. லோஹேகாவிலிருந்து திரும்பும் வழியெல்லாம் நான் மனதுக்குள் மென்ற கணக்கு அது.

"அப்ப என் பையனுக்கு நோய் சின்னது, அதனால ஒண்ணுன்னு..."

"பள்ளிக்கூட அவசரத்துல காலை மாத்திரையை மறக்கறான்னு நீங்கதானே சொன்னீங்க? அதனால இதுக்கு மாத்தினேன்."

சொன்னது நான்தான்; காலை மாத்திரை நின்றதை நோய் குறைந்ததாக நானே எடுத்துக்கொண்டிருந்தேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். கடையில் வேறு கம்பெனி கொடுத்தார்களா என்று கேட்டார். கொடுத்தார்கள், நான் வாங்கவில்லை என்றேன். கைபேசியில் கடைக்காரரைப் பிடித்து அட்டையின் படத்தை அனுப்பச் சொன்னேன். வந்தது. மருந்தின் பெயருக்குப் பின்னால் வேறு இரண்டு எழுத்துகள். கீழே சிறிய எழுத்தில் மெதுவாகக் கரையும் வகை என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது.

"இதைக் குடுத்திருக்கலாம்," என்றார் டாக்டர். "வேற கம்பெனி விக்கணும்னா, அது ரத்தத்துல சேரற அளவும் நேரமும் முதல் மருந்துக்கு ஈடா இருக்குன்னு காட்டணும். பெரும்பாலான மருந்துக்கு அது போதும், நிம்மதியா மாத்தலாம். வலிப்பு மருந்துல மட்டும் நான் அடிக்கடி மாத்த விடறதில்ல. மாத்த வேண்டி வந்தா எனக்குச் சொல்லுங்க, கொஞ்ச நாள் கூடுதலா கவனிப்போம். ஆனா வகை மட்டும் மாறவே கூடாது."

அவர் போனபிறகு மகன் கண் விழித்தான். முதலில் கேட்டது, "இப்ப மழை முடிஞ்சா நான்..." அவ்வளவுதான். கேள்வியை முடிக்கவில்லை. இன்னும் ஒரு வருஷம் பார்ப்போம் என்று டாக்டர் சொன்னதைச் சொன்னேன். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

சகலை அன்று சாயங்காலமே வந்தார். வேலைச் சீருடையோடு, கையில் எண்ணெய்க் கறையோடு. ஆஸ்பத்திரி நடையில் என்னைக் கண்டதும் அழுதார். ஆட்கள் பார்க்க, வாய்விட்டு.

"நான் குடுத்ததாலதானே அண்ணே? என்னைய ரெண்டு அடி அடிச்சிருங்க."

என்னால் அடிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. மத்தியானத்திலிருந்து நான் உள்ளே பூட்டி வைத்திருந்ததை அந்த மனிதர் இரண்டு நிமிஷத்தில் கொட்டிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். அதற்கும் எனக்குப் பொறாமையாக இருந்தது. உங்கள் மாத்திரையில் குற்றமில்லை, நான்தான் ஆசைப்பட்டு அதை அவனுக்குக் கொடுத்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் உள்ளேயிருந்து மகன் கூப்பிட்டான். வீட்டில் பேசுகிற தமிழ்தான் அவனுக்கு, தேடித் தேடித்தான் வார்த்தை வரும்.

"சித்தப்பா, அது நல்ல மாத்திரைதான். அக்காவுக்கு நல்லது. எனக்குத்தான் செட் ஆகல."

சகலை அவன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவன் பாதத்தைப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் இருவரும் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் நடையிலேயே நின்றேன்.

மாவு டப்பா எங்கள் சமையலறை மேடையில் கழுவிக் கவிழ்த்தபடி கிடந்தது. அக்காளும் தங்கையும் கைபேசியில் பேசிக்கொண்டார்கள். சாப்பாடு, காய்ச்சல், துணி காயவில்லை என்று. டப்பா மட்டும் நகரவில்லை. மழை ஓய்ந்து, வெயில் வந்து, கணபதிப் பந்தல்களையும் பிரித்த பிறகு, ஒரு ஞாயிறு காலை மனைவி அதில் மாவை நிரப்பினாள். "கிளம்புங்க," என்றாள். "மாத்திரைய எடுத்து வச்சுட்டீங்கல்ல?" எடுத்து வைத்திருந்தேன். நான் தொட மறுத்த அதே கம்பெனி, மெதுவாகக் கரையும் வகை. கடைக்காரர் அதைக் கொடுத்தபோது சம்பந்தி என்ற பேச்சை எடுக்கவில்லை. அவன் எப்படி இருக்கிறான் என்று மட்டும் கேட்டார்.

அன்று லோஹேகாவில் எல்லோரும் குளத்துக்குப் போனார்கள். போகவேண்டாம் என்றேன். பார்க்க மட்டும் என்றான் மகன். நீச்சல் கண்ணாடியை ஏன் எடுத்து வந்தான் என்று நான் கேட்கவில்லை. அதை நெற்றியில் ஏற்றி மாட்டிக்கொண்டு வந்தான்.

பெண் ஓடிவந்து குதித்தாள். தகரக் கொட்டகையின் கீழ், தண்ணீர் மேலே தெறிக்காத இடமாகப் பார்த்து நான் நின்றேன். அவள் தண்ணீருக்கு அடியில் மறைந்து எங்கோ தள்ளி எழும்பும்போதெல்லாம் எனக்குள் ஏதோ கடித்தது. அவளுக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்றும் நினைத்தேன். அவள் கொஞ்சம் பயந்தாலென்ன என்றும் நினைத்தேன். இரண்டும் ஒரே நேரத்தில் என் மனதில்தான் இருந்தன.

நீச்சல் உடையோடு வந்த சகலை தண்ணீரில் இறங்கவில்லை. ஆழமில்லாத பக்கம் கரையில் உட்கார்ந்து, என் மகனைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவன் இடுப்பைச் சுற்றிக் கையைப் போட்டுக்கொண்டார். இருவர் கால்களும் தண்ணீரில். அவர் காலால் ஒரு தட்டு தட்டுவார், இவன் ஒரு தட்டு தட்டுவான். பெண் நீந்தி வந்து இருவர் கால்களையும் இழுப்பதுபோல் பாசாங்கு செய்தாள்.

"அண்ணே, அங்க என்ன காவல்? இங்க வாங்க," என்றார் சகலை.

"இருக்கட்டும். ஷூ போட்டிருக்கேன்."

"கழட்டுனா வராதா? பிறக்கும்போதே போட்டுக்கிட்டு வந்ததா?"

மகன் திரும்பிப் பார்த்தான். கண்ணாடியை நெற்றியிலிருந்து கண்ணுக்கு இறக்கியிருந்தான். அதற்குள்ளிருந்து என்னை எப்படிப் பார்க்கிறான் என்று எனக்குத் தெரியவில்லை.

"பரவால்ல சித்தப்பா, விடுங்க," என்றான். "அப்பா அங்கயே நிக்கட்டும். அவங்க நின்னாதான் அவங்களுக்கு நல்லா இருக்கும்."

அன்பாகத்தான் சொன்னான். சகலையின் கை அவன் இடுப்பில் இருந்தது, இறுக்காமல், விடாமல். நான் பிடித்திருந்தால் அவனுக்கு வலித்திருக்கும். மேலே விமானம் ஒன்று போயிற்று. அது போய் முடியும்வரை எல்லோரும் வழக்கம்போல் பேச்சை நிறுத்திக் காத்திருந்தார்கள். நான் குனிந்து ஷூ கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினேன்; மழையில் நனைந்து காய்ந்து முடிச்சு இறுகிப் போயிருந்தது, சீக்கிரம் வரவில்லை.